மூடாக்கு விற்பனை: பங்குனி பிறக்கும் முன் ஒரு பாடம்



மாசி பாதி தாண்டியதும் நம் கடைகளில் சரக்கு வரிசை மாறத் தொடங்கும். நன்னாரி, சப்ஜா விதை, வடகத்துக்கு ஜவ்வரிசி, மோர் மிளகாய்க்கு உப்பு என வெயில் காலப் பொருள்களை முன் அலமாரிக்குக் கொண்டு வருவோம். வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும் பெருகிய பிறகு, இந்த வரிசையில் இன்னொரு சரக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. செடிப் பாத்தியின் மேல் பரப்பும் மூடாக்குப் பொருள்தான் அது. தென்னை நார்த்தூள் கட்டி, மட்டைத் துண்டு, வைக்கோல், கடலைத் தோல் ஆகியவை இந்த இனத்தில் அடங்கும்.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னை, கோவை மாநகரங்களில் மாடித் தோட்டத் தொகுப்புகளை வழங்கியது. அந்தத் தொகுப்பில் நார்த்தூள் கட்டியும் இருந்தது. அதன் பின்னர் நர்சரிகளில் மட்டும் கிடைத்த பொருள் மெல்ல மெல்ல மளிகைக் கடைக்கும் வந்துவிட்டது. சரக்கு வந்த அளவுக்கு அதைப் பற்றிய விவரம் நம்மிடம் வந்து சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கே இந்தப் பாடம்.

கல்லாவுக்கு முன்னால் ஒரு கேள்வி

மாதா மாதம் நம்மிடம் மளிகை வாங்கும் ஓர் அம்மா கடைக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். "அண்ணாச்சி, வெயில் வருது. தக்காளிப் பாத்திக்கு மேலே போட நார்த்தூள் வேணும். ஒரு கட்டி போதுமா?" என்று கேட்கிறார்.

"போதும்மா, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவது எளிது. பாத்தி எவ்வளவு நீளம் என்று நாம் கேட்கவில்லை. தூள் கழுவியதா, கழுவாததா என்பது நமக்கே தெரியாது. ஒரு மாதம் கழித்துச் செடியின் இலை ஓரம் கருகினால் அவர் நார்த்தூளைக் குறை சொல்ல மாட்டார். "அண்ணாச்சி கடையில் வாங்கிப் போட்டேன், செடி போச்சு" என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்வார். கட்டியில் கிடைத்த லாபம் சில ரூபாய். அதனால் கைவிட்டுப் போவது ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் சீட்டு. ஆகவே இந்தச் சிறு சரக்கைப் பற்றித் தெரிந்துகொண்டு விற்பது நமக்கு அவசியம்.

மூடாக்கு என்ன செய்கிறது?

வெறும் மண்ணில் வெயில் நேராக விழுந்தால் ஈரம் ஆவியாகிறது, மேல்மண் சூடேறி இறுகுகிறது, களை விதைகள் வெளிச்சம் கண்டு முளைக்கின்றன. மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலம் சருகோ வைக்கோலோ கிடந்தால் இவை மூன்றும் குறையும். நாளடைவில் அடிப்பகுதி மக்கி மண்ணுக்கே உரமாகும். காட்டில் மரத்தடியில் தானாக நடப்பதைத்தான் நாம் பாத்தியில் செய்கிறோம்.

இது புதிய செய்தியன்று. நம் கரும்பு விவசாயிகள் சோகையை எரிக்காமல் வரிசைகளுக்கு இடையே பரப்புவதும் இதே முறைதான். ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா 1975இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே வைக்கோல் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராகச் சென்று மூடாக்கின் பயனை எடுத்துச் சொன்னார்.

குளிர் நாடுகளில் வசந்த காலம் வந்ததும் பழைய பாத்தியைச் சீர்செய்து புது மூடாக்கு இடுவார்கள். அங்கே மண் சற்றுச் சூடேறும் வரை காத்திருப்பார்கள். முன்கூட்டியே மூடினால் மண்ணின் குளிர் விலகத் தாமதமாகும். நமக்கோ வெயில் ஏறுவதற்கு முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். மாசிக் கடைசி முதல் பங்குனி முதல் வாரம் வரை தக்க சமயம். ஆகவே கடைக்காரர் தை மாதமே சரக்கு சொல்லி வைத்தால்தான் விற்பனைக் காலத்தைப் பிடிக்க முடியும்.

சரக்கு வகைகள்

1. தென்னை நார்த்தூள். மட்டையிலிருந்து கயிற்று நாரைப் பிரித்தபின் மிஞ்சும் பழுப்பு நிறத் தூள். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் குவியல் குவியலாகக் கிடந்த கழிவு இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. ஐந்து கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் ஏறத்தாழ 60 முதல் 70 லிட்டர் வரை உப்பும். மண் கலவையில் சேர்க்க மிக ஏற்றது. மேலே பரப்பினால் காய்ந்த பிறகு காற்றில் பறக்கும். அதன் மேல் கொஞ்சம் சருகு போடச் சொல்ல வேண்டும்.

2. மட்டைத் துண்டு. தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டியது. பறக்காது, சீக்கிரம் மக்காது. மூடாக்குக்கென்றே கேட்பவர்களுக்குத் தூளைவிட இது பொருத்தம்.

3. வைக்கோல். விலை குறைவு, நன்றாக மூடும். உதிராத நெல்மணி இருந்தால் பாத்தியில் நாற்று முளைக்கும். உதறிக் கொடுக்க வேண்டும்.

4. கடலைத் தோல். செக்கு வைத்திருப்போரிடமும் கடலை உடைக்கும் ஆலைகளிலும் கிடைக்கும். லேசானது, அழகாகப் பரவும். நிலக்கடலையைத் தாக்கும் தண்டழுகல் பூசணம் இதில் ஒட்டி வரக்கூடும். ஆகவே மழையில் நனைந்து பூசணம் பிடித்த தோலை வாங்காதீர்கள்.

5. உமி. தனியாகப் போட்டால் காற்றில் போய்விடும். வைக்கோலுக்கு அடியில் போடலாம். உமிச் சாம்பல் வேறு பொருள். அது காரத்தன்மை உள்ளது, மூடாக்குக்கு ஆகாது.

6. மரத்தூள். மண்ணின் மேலே மெல்லியதாகக் கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. மண்ணோடு கலந்துவிட்டால், அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும். இதைச் சொல்லாமல் விற்கக் கூடாது.

நார்த்தூளில் கவனிக்க வேண்டிய இரண்டு

முதலாவது உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையானால் இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் கழுவிய தூளில் இந்த உப்பு குறையும். கொள்முதல் செய்யும்போது "கழுவியதா, இ.சி. எவ்வளவு?" என்று கேளுங்கள். இ.சி. என்பது உப்பின் அளவைக் காட்டும் எண். மில்லி சீமென்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 0.5க்குக் குறைவாக இருப்பதை வியாபாரத்தில் 'லோ இ.சி.' சரக்கு என்று பிரிக்கிறார்கள். கழுவாத சரக்கு விலை மலிவாக இருக்கும். அந்த மலிவில் மயங்கினால் மேலே சொன்ன தக்காளிப் பாத்தியின் கதைதான்.

இரண்டாவது, மக்காத தன்மை. பச்சைத் தூளில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி, ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காயாமல் மக்க வைத்தால் இந்த விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும், நிறம் கருக்கும். மக்கிய தூளை மண்ணில் கலக்கலாம். மக்காத தூளை மேலே மட்டும் பரப்பச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே அடுக்கில் வைக்காதீர்கள்.

கடையிலேயே செய்யும் சோதனை

கருவி இல்லாமலும் சரக்கைச் சோதிக்கலாம். சோதனைக்கு வேண்டிய பொருள் நம் கடையிலேயே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் ஈரமான நார்த்தூள், இன்னொரு கிண்ணத்தில் ஈரத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருபது இருபது வெந்தயத்தை இட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் எண்ணிப் பாருங்கள். துணியில் பதினெட்டு முளைத்துத் தூளிலும் அதற்குக் கிட்டத்தட்ட முளைத்து வேர் வெள்ளையாக ஓடியிருந்தால் சரக்கு நன்று. தூளில் பாதிதான் முளைத்தது, வேர் நுனி பழுப்பாக நின்றுவிட்டது என்றால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள். புது லாட்டு வரும்போதெல்லாம் இதைச் செய்து தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைத்தால், சரக்கு அனுப்பியவரிடம் பேசவும் ஆதாரம் இருக்கும்.

எடையும் பரப்பும்

இந்தச் சரக்கில் பெரிய ஏமாற்றம் எடையில்தான் வருகிறது. நார்த்தூள் தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். முழுதும் நனைந்த ஒரு மூட்டை முப்பது கிலோ நின்றால், அதில் ஐந்து கிலோ தூளும் இருபத்தைந்து கிலோ தண்ணீரும் இருக்கக்கூடும். வாங்கும்போது ஈரச் சரக்கை எடைக்கு வாங்கினால் நாம் ஏமாந்தோம். விற்கும்போது ஈரச் சரக்கை எடைக்கு விற்றால் வாங்கியவர் ஏமாந்தார்.

மேல்நாடுகளில் மூடாக்குப் பையின் மேல் லிட்டர் அல்லது கன அடிக் கணக்கு போட்டிருப்பதற்கும் இதுதான் காரணம். இங்கிலாந்தில் லிட்டர், அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு கன அடிப் பை. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் கொள்ளளவு அவ்வளவாக மாறுவதில்லை. நெல்லையும் பயறையும் படியாலும் மரக்காலாலும் அளந்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு அந்நியமானதன்று.

இன்று நம் நாட்டில் பொட்டலத்தின் மேல் நிகர எடையைச் சட்டப்படி குறிக்க வேண்டும். ஆகவே காய்ந்த கட்டியை அதன் எடைக்கு விற்போம். அது எத்தனை சதுர அடியை மூடும் என்பதையும் வாயால் சொல்லுவோம். கணக்கு எளிது:

ஒரு சதுர மீட்டர் (ஏறத்தாழ 10¾ சதுர அடி) பாத்தியில் 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலக் கனத்துக்கு 50 லிட்டர் வேண்டும்.

10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பாத்தி 40 சதுர அடி. இரண்டு அங்குலக் கனத்துக்கு 6.7 கன அடி, அதாவது சுமார் 190 லிட்டர்.

ஐந்து கிலோ கட்டி ஒன்று சராசரியாக 65 லிட்டர் உப்பும் என்று கொண்டால், அந்தப் பாத்திக்கு மூன்று கட்டி.

நம்மிடம் வந்த அம்மாவின் பாத்தி இதே அளவானால், ஒரு கட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மூடும். அவரிடம் கையில் ஒரு கட்டிக்குத்தான் பணம் இருக்கிறதா? "செடி வரிசையை ஒட்டி மட்டும் இதைப் போடுங்கம்மா. நடுவிலே வேப்பஞ் சருகு, வாழைச் சருகு போட்டாலே போதும்" என்று சொல்லலாம். அன்று இரண்டு கட்டி குறைவாக விற்றிருப்போம். ஆனால் அடுத்த ஆண்டும் அவர் நம்மிடமே வந்து கேட்பார்.

கடையில் மிஞ்சுவதே மூடாக்கு

கடையைக் கூட்டிக் குப்பையில் போடும் பொருள்களில் பல மூடாக்குக்கு உதவும். கேட்பவருக்குச் சும்மாவே கொடுக்கலாம்.

அட்டைப் பெட்டி: ஒட்டு நாடாவையும் வழவழப்பான லேபிளையும் உரித்துவிட்டு, நனைத்து, ஓரங்கள் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மண்ணில் விரித்து மேலே சருகு போட்டால் களை எழும்பாது.

பழப் பெட்டி வைக்கோல்: பழுதில்லாமல் இருந்தால் அப்படியே பரப்பலாம்.

பழைய சணல் சாக்கு: நாற்றுப் பாத்தியை மூட நல்லது. ஆனால் உப்பு, சலவைச் சோடா, சோப்புத்தூள், பூச்சிமருந்து வந்த சாக்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். உப்புச் சாக்கு ஒன்று போதும், ஒரு பாத்தியைக் கெடுக்க.

வெங்காயச் சருகு: மற்றச் சருகோடு கலந்து போடலாம்.

தேநீர்ச் சக்கை: பாலும் சர்க்கரையும் கலந்திருந்தால் எறும்பு வரும். முதலில் மக்கு உரக் குழியில் போடச் சொல்லுங்கள்.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டிய முறை

ஏற்கெனவே பாத்தி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் மூடாக்கைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான வரிசை இது. ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டுக் கட்டியோடு கொடுத்தால் மிக நல்லது.

1. களை விதை கட்டும் முன் வேரோடு பிடுங்கவும்.

2. பழைய மூடாக்கை ஓரமாக ஒதுக்கவும். கட்டி தட்டியிருந்தால் உதிர்த்துவிடவும். பழையது இன்னும் மூன்று அங்குலம் இருந்தால் புதியது வேண்டாம். கிளறி விட்டாலே போதும்.

3. மண்ணின் மேல் ஓர் அங்குலம் மக்கிய உரம் இடவும்.

4. நன்றாகத் தண்ணீர் பாய்ச்சவும். காய்ந்த மண்ணை மூடினால், மேலே ஊற்றும் தண்ணீரை மூடாக்கே குடித்துவிடும்.

5. பழையதையும் புதியதையும் சேர்த்துப் பரப்பவும். தூள் வகை இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வைக்கோல், சருகு போன்றவை நான்கு அங்குலம் வரை போகலாம்.

6. தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடவும். தண்டோடு குவித்தால் ஈரம் தங்கி அழுகும். செடி சாவதற்கு இந்த ஒரு தவறே பலமுறை காரணமாகிறது.

7. அதன்பின் தண்ணீர் ஊற்றும் முன் மூடாக்கை விலக்கி விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கவும். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். பழக்கத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்ந்த வைக்கோலில் கரையான் ஏறும். மரக் கதவு, நிலைப் பக்கத்தில் குவிக்கக் கூடாது. வேப்பம் புண்ணாக்கு தூவுவது நம் பக்கத்து வழக்கம். அதுவும் நம் கடைச் சரக்குதான். அடர்ந்த மூடாக்கில் தேளும் பூரானும் ஒதுங்கும். வெறுங்கையால் கிளறாமல் குச்சியால் விலக்க வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் மூடாக்கைக் குறைத்துவிட்டால் நத்தையும் தண்டழுகலும் குறையும்.

இருப்பும் சட்டமும்

இவை உணவுப் பொருள் அல்லாத சரக்கு. அரிசி, மாவு மூட்டைகளோடு வைக்காமல் தனி இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். வைக்கோலும் காய்ந்த நாரும் சட்டென்று தீப்பிடிக்கும். மின் பலகை, விளக்கேற்றும் மாடம் இவற்றுக்கு அருகில் கூடாது. இடம் குறைந்த கடைக்குக் கட்டிகளே உகந்தவை. உதிரித் தூளுக்கு வண்டி நிறைந்துவிடும், எடை ஏறாது. வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் இதற்கும் பொருந்தும். நீங்களே சில்லறையாகப் பொட்டலம் கட்டி வைத்தால் பொருளின் பெயர், கட்டியவர் பெயர் முகவரி, நிகர எடை, மாதம் ஆண்டு, எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை, புகார் தொடர்பு ஆகியவை மேலே இருக்க வேண்டும். இன்னொன்று, மூடாக்கை 'உரம்' என்று எழுதி விற்காதீர்கள். இயற்கை உரங்களுக்கும் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்த் தர அளவுகள் உண்டு. மூடாக்கு மண்ணை மூடும் பொருள். அந்தப் பெயரிலேயே விற்போம்.

பயிற்சி

கடைப் பையன்களுக்கும் கணக்குப் பிள்ளைக்கும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

அ) 8 அடிக்கு 3 அடி பாத்தி, இரண்டு அங்குலக் கனம். எத்தனை கட்டி? (24 சதுர அடி, 4 கன அடி, சுமார் 113 லிட்டர். இரண்டு கட்டி.)

ஆ) பாதி விலைக்கு ஈரத்தூள் மூட்டை வருகிறது. வாங்கலாமா? (உலர்ந்த எடையும் இ.சி.யும் தெரியாமல் வாங்கக் கூடாது. வெந்தயச் சோதனை செய்யாமல் விற்கவும் கூடாது.)

இ) "என்னிடம் போன ஆண்டு மூடாக்கு அப்படியே இருக்கு, புதுசு வேணுமா?" என்று ஒருவர் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? (கனத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று அங்குலம் இருந்தால் வேண்டாம் என்பதே சரியான பதில்.)

மூன்றாவது கேள்விக்கு விற்பனையாளர் தயங்காமல் "வேண்டாம்" என்று சொல்லப் பழகியிருந்தால், அந்தக் கடையில் இந்தப் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம். வரும் பங்குனியில் உங்கள் கடைச் சரக்கு இட்ட பாத்திகள் எல்லாம் பசுமையாக நிற்கட்டும்.